மேட்டூர் அணையும் அதன் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரியில் வெள்ளம் என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கிவிட்டால் என் கைபேசி ஓய்வதில்லை. நான் பூலாம்பட்டியை அடுத்த ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன். பிழைப்புக்காகச் சேலம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், “உங்க ஊர் டேம் எப்படிங்க இருக்கு?” என்று அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது என்னைத்தான். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேட்டூர் டேம் கரண்ட்டுக்காகக் கட்டினதா, பாசனத்துக்காகக் கட்டினதாங்க?

பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையே காவிரியை மறித்து 1925-இல் தொடங்கிய வேலை 1934-இல் முடிந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்படுகிறது. அணையின் அடியில் உள்ள மின்நிலையம் 1937-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. இன்று அதன் திறன் 50 மெகாவாட். 1960-களில் அமைந்த சுரங்க மின்நிலையத்தின் திறன் 200 மெகாவாட். அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கு கதவணைகளிலும் தலா 30 மெகாவாட் மின்நிலையங்கள் இருக்கின்றன.

பாசனம் முதலில், மின்சாரம் பிறகு என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டாப் பாசனத்துக்கு நீர் திறக்கப்படுகிறது. அந்த நீர் போகிற போக்கில் மின்சாரமும் எடுக்கப்படுகிறது. மின்சாரத்துக்கென்று தனியாக நீர் திறக்கும் மலை அணைகளின் வழக்கத்தை வைத்து மேட்டூரைக் கணிக்கக் கூடாது.

நியூஸ்ல 120 அடிங்கறாங்க, புத்தகத்துல 214 அடின்னு இருக்குது. எது சரி?

இரண்டும் சரியே. 214 அடி என்பது அடித்தளத்தில் இருந்து அளந்த அணையின் உயரம். 120 அடி என்பது நீரின் அளவுகோலில் முழுக் கொள்ளளவைக் குறிக்கும் எண். அந்த அளவில் தேங்கும் நீர் 93.47 டிஎம்சி, நீர் பரவும் பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். எனவே “120 அடி நிரம்பியது” என்ற செய்தியைக் கேட்டு, மிச்சம் 94 அடி சுவர் வெறுமையாக நிற்பதாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

கனஅடி, டிஎம்சின்னு சொல்றாங்களே, அதை எப்படிப் புரிஞ்சுக்கறது?

கனஅடி என்று செய்தியில் சொல்வது ஒரு விநாடிக்கு வரும் அல்லது போகும் நீரின் அளவு. டிஎம்சி என்பது தேங்கி நிற்கும் நீரின் அளவு, அதாவது நூறு கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் வந்தால் ஒரு டிஎம்சி சேரும். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் போதும், செய்தியில் வரும் எண்களை வைத்து அடுத்த நாள் நிலையை நீங்களே ஓரளவு கணித்துவிடலாம்.

அணை நிரம்பும் தறுவாயில் ஓர் அடி உயர ஏறத்தாழ 1.6 டிஎம்சி தேவைப்படுகிறது. விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி வந்து, ஒரு சொட்டும் வெளியேறாமல் இருந்தால், ஒரே நாளில் 8.64 டிஎம்சி சேரும். நீர்மட்டம் ஐந்து அடிக்கு மேல் ஏறிவிடும். காலையில் 115 அடியில் இருந்த அணை மறுநாள் காலையில் நிரம்பி நிற்கும். பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்தக் கணக்கே அடிப்படை.

கரண்ட் எடுத்த தண்ணியில சத்து போயிடுமாமே? பயிருக்கு ஆகாதாமே?

என் பாட்டி காலத்துப் பேச்சு இது, இன்றும் கேட்கிறார்கள். மின்நிலையம் எடுத்துக்கொள்வது நீர் விழும் வேகத்தின் விசையை மட்டுமே. அருவியில் விழும் தண்ணீர் பாறையில் மோதி வீணாக்கும் விசையை இங்கே சுழலி (டர்பைன்) வாங்கிக்கொள்கிறது. நீரில் கரைந்திருக்கும் உப்பும் வண்டலும் அப்படியே போகின்றன. நீரில் மின்சாரம் பாய்வதும் இல்லை. அணையில் வண்டலின் பெரும்பகுதி அடியில் தங்கிவிடுவது உண்மைதான். ஆனால் மின்நிலையமே இல்லாத அணையிலும் அது தங்கும்.

ஏற்காட்டுல விடாம மழை கொட்டுது. டேம் ரொம்பிடுமா?

ரொம்பாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெய்யும் மழையின் பெரும்பகுதி சரபங்கா நதியாகவும் திருமணிமுத்தாறாகவும் இறங்கி, மேட்டூருக்குக் கீழேதான் காவிரியைச் சேர்கிறது. அணைக்கு நீர் தருவது குடகு மலையிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அது கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளைக் கடந்து, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, ஒகேனக்கல் வழியாக வருகிறது. சேலத்தில் வெயில் கொளுத்தும் நாளில் மேட்டூர் நிரம்புவதன் காரணம் இதுவே.

ஆனால் ஏற்காட்டு மழைக்கு வேறு ஆபத்து உண்டு. அது ஓமலூர், எடப்பாடிப் பக்கத்து ஓடைகளையும் ஏரிகளையும் ஒரே இரவில் நிரப்பக்கூடியது. மேட்டூரில் வெள்ள எச்சரிக்கை இல்லை என்பதால் சரபங்காவின் தரைப்பாலத்தைக் கடந்துவிடலாம் என்று எண்ணுவது தவறு.

டேம் உடைஞ்சா சேலம் டவுன் முழுகிடும்னு வாட்ஸ்அப்ல வந்துதே?

ஒவ்வொரு வெள்ளத்திலும் இந்தச் செய்தி சுற்றுகிறது; ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பெரியவர் தூக்கம் இழக்கிறார். மேட்டூர் முழுதாக நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 241 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் ஏறத்தாழ 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டூரில் இருந்து சேலத்துக்குக் குடிநீர் வருவதற்கே பம்பு வைத்து மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது. தானாக மேடேறி வெள்ளம் வராது.

அபாயம் உள்ள இடங்கள் வேறு. அணைக்கு நேர்கீழே உள்ள மேட்டூர் நகரின் தாழ்வான பகுதிகள், தங்கமாபுரிப்பட்டணம், பூலாம்பட்டி, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் எனக் காவிரிக் கரை நெடுகிலும் இருப்பவர்களே கவனமாக இருக்க வேண்டியவர்கள். பயம் சேலத்திலும் அலட்சியம் ஆற்றங்கரையிலும் இருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

120 அடி ரொம்பிட்டாலே ஆபத்துதானே? எப்பவும் ரெண்டடி கம்மியா வெச்சா என்ன?

120 அடி நீரைத் தாங்கவே அது கட்டப்பட்டது. மேட்டூர் தன் எடையால் நிற்கும் அணை. தண்ணீர் தள்ளும் விசையையும், அடியில் இருந்து மேலே தூக்கும் நீரழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே அதன் அகலமும் எடையும் முடிவு செய்யப்பட்டன. 2018, 2022, 2024 எனப் பல ஆண்டுகளில் அது நிரம்பியிருக்கிறது.

இரண்டடி குறைத்து வைக்கும் யோசனையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டடி என்பது மூன்று டிஎம்சிக்குச் சற்று மேல். லட்சம் கனஅடி வரும் நாளில் அந்த இடம் ஒன்பது மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ஆகவே பெருவெள்ளத்தில் பாதுகாப்பு என்பது, வருகிற அளவுக்கு நீரை வெளியேற்றும் திறனிலும், மேலே இருந்து எவ்வளவு வருகிறது என்பதை முன்கூட்டியே அறிவதிலும் இருக்கிறது. இரண்டடி வெற்றிடம் சில மணி நேர அவகாசம் தரும். அதைச் சிறிது என்று சொல்லமாட்டேன். ஆனால் கோடையில் அந்த மூன்று டிஎம்சிக்காகக் காத்திருக்கும் வயல்களையும் குடிநீர்க் குழாய்களையும் நினைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

16 கண் பாலத்துல தண்ணி விட்டா மட்டும் ஏன் எல்லாரும் பயப்படறாங்க?

சாதாரண நாட்களில் நீர் இரண்டு மின்நிலையங்கள் வழியாகவே போகிறது. அவற்றின் வழியாக ஏறத்தாழ 22,000 கனஅடிதான் போக முடியும். அதற்கு மேல் வருவது, பிரதான அணையில் இருந்து தள்ளி, மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடத்தில் கட்டப்பட்ட எல்லிஸ் உபரிநீர்ப் போக்கி வழியாக வெளியேறும். அணையை வடிவமைத்த பொறியாளர் எல்லிஸின் பெயர் அது. 60 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்ட பதினாறு மதகுகள் இருப்பதால் ஊரார் அதைப் பதினாறு கண் பாலம் என்கிறோம். வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1924-இல்தான் காவிரி வரலாறு காணாத வெள்ளத்தைக் கண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இத்தனை பெரிய போக்கி எதற்கு என்பது விளங்கும்.

பதினாறு கண் திறந்தது என்றால் ஆறு சாதாரண அளவைக் கடந்துவிட்டது என்று பொருள். அணைக்கு ஆபத்து வந்துவிட்டதாகப் பொருள் இல்லை. அணை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. விலக வேண்டியவர்கள் கரையில் இருப்பவர்களே.

டேம் சுவத்துல ஈரமா இருக்குது, வெள்ளை வெள்ளையா வழிஞ்சிருக்குது. விரிசலா அது?

எந்தப் பெரிய அணையும் முழுக்கக் கசியாமல் இருப்பதில்லை. சுவருக்குள் மெல்ல ஊடுருவும் நீர், காரையில் உள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, காற்றுப் பட்டதும் வெண்மையாகப் படிகிறது. பழைய வீட்டின் மொட்டைமாடிக்குக் கீழே மழைக்காலத்தில் தோன்றும் வெள்ளைக் கோடுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. பெரிய அணைகளில் கசிவு நீரைச் சேகரித்து வெளியேற்ற உள்ளேயே நடைபாதை போன்ற சுரங்கங்களும் துளைகளும் வைக்கிறார்கள். அந்த வடிகால்கள் அடைபட்டால்தான் அடியில் அழுத்தம் கூடி அணையைத் தூக்கப் பார்க்கும். வடிகாலில் நீர் வருவது நல்ல அறிகுறி.

கசிவு நீர் ஒரு சிறு தொட்டியில் விழுந்து, ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் வெட்டிய தகட்டின் வழியாக வழியும். வெட்டின் மேல் நீர் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் வழிகிறது என்று பார்த்தால் கசிவின் அளவு தெரியும். ஒரு நாளின் அளவைத் தனியாகப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அணையின் நீர்மட்டம் மாறாமல் இருக்கும்போது கசிவு மட்டும் கூடினாலோ, தெளிவாக வந்த நீர் கலங்கி வந்தாலோ, அன்று பொறியாளர்கள் கவலைப்பட வேண்டும். பார்க்கப் போன நாளில் சுவர் ஈரமாக இருந்தது என்பதற்காக நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

தொண்ணூறு வருஷம் ஆயிடுச்சே, டேமோட ஆயுசு முடிஞ்சிருக்காதா?

கட்டுமானத்துக்கு ஒரே ஆயுள் என்று சொல்லிவிட முடியாது. கல்லும் காரையும் மெல்ல மூப்படையும். இரும்பு விரைவில் மூப்படையும். அணைப் பாதுகாப்பில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது சுவரைவிட மதகுகளும், அவற்றைத் தூக்கும் சங்கிலிகளும், மோட்டார்களும், மின்சாரம் நின்றால் அவற்றை இயக்கும் ஜெனரேட்டரும்தான்.

2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்திரை அணையின் 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்து மதகு அடித்துச் செல்லப்பட்டது. அணைச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நிரம்பியிருந்த அணையில் இருந்து நீரை வெளியேற்றிக்கொண்டே, பாய்ந்து வரும் வெள்ளத்துக்கு நடுவில் தற்காலிக அடைப்புப் பலகைகளை இறக்க வேண்டியதாயிற்று. நமக்கு அருகிலேயே, 2018 ஆகஸ்ட் 22 அன்று, திருச்சி முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. அதே பருவத்தில் மேட்டூரில் இருந்து இரண்டு லட்சம் கனஅடி அளவுக்கு வெளியேறியிருந்தது. மேலே பெரிய அணை உறுதியாக இருந்தும், கீழே உள்ள கதவுகள் தாங்காமல் போகலாம் என்பதை அந்த ஆண்டு காவிரிக்கரை பார்த்தது. “அணைக்கு வயசாயிடுச்சு” என்பதைவிட, “மதகுகளை இந்தக் கோடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்களா?” என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

பூகம்பம் வந்தா நிக்குமா?

2002-இன் நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அபாயப் பகுதியில் வைக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது மகாராஷ்டிரத்தின் கொய்னா. 1967 டிசம்பரில் ரிக்டர் 6-க்கு மேற்பட்ட நிலநடுக்கம் அந்த அணைக்கு மிக அருகிலேயே ஏற்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வீடுகள் இடிந்து இறந்தார்கள். 103 மீட்டர் உயரமுள்ள அணையில் விரிசல்கள் விழுந்தன. ஆனால் அது உடையவில்லை. பிறகு பலப்படுத்தப்பட்டு இன்றும் மின்சாரம் தருகிறது. எடையால் நிற்கும் அணைகளின் இயல்பு இது. மண்ணணைகளின் நிலை வேறு. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மோர்பியை அழித்த மச்சு அணையில், வெள்ளம் மண்கரைக்கு மேலே வழிந்து கரையை அரித்தது.

மழையே இல்லை, ஆத்துல திடீர்னு தண்ணி ஏறுது. ஏன்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நீர்மின் நிலையத்தின் சிறப்பு, சில நிமிடங்களில் ஓட்டவும் நிறுத்தவும் முடிவது. மாலையில் மின்தேவை கூடும்போது ஒரு சுழலி கூடுதலாக ஓடினால், அதன் நீர் கீழே ஆற்றில் சேரும். கதவணைகளிலும் மதகு ஒன்று திறந்தால் கீழே மட்டம் ஏறும், மூடினால் இறங்கும். வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்கும் பழக்கம் இங்கே பொய்த்துப்போகிறது.

நான் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டு, நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த என் சித்தப்பா, பாறையின் காய்ந்த வெள்ளைப் பகுதி மெல்ல ஈரமாகிக் கறுப்பதைக் கவனித்தார். தூண்டிலையும் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்து நடந்தார். முழங்காலளவு நீரில் இறங்கியவர், கரையேறும்போது மார்பளவு நீரில் இருந்தார். அன்று எங்கும் மழை இல்லை.

இமாசலப் பிரதேசத்தில் 2014 ஜூன் 8 அன்று பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர், மேலே உள்ள லார்ஜி நீர்மின் திட்ட அணையில் இருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். அணை உடையவில்லை, எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. அணைகளின் கீழே உயிர்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான். பாறையின் ஈரக்கோடு ஏறினால், நீரின் நிறம் மாறினால், சருகும் குப்பையும் மிதந்து வரத் தொடங்கினால், பொருட்களை எடுக்க நிற்காமல் உடனே கரையேற வேண்டும்.

சங்கு ஊதினப்புறம் எவ்வளவு நேரம் இருக்குங்க?

நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதால் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. அணைக்கு நேர்கீழே இருப்பவருக்கு நிமிடங்கள். பவானியில் இருப்பவருக்கு மணிகள். சங்கு என்பது முதல் எச்சரிக்கையாக இருக்கக் கூடாது. நீர்வரத்து கூடும்போதே நீர்வளத்துறை கரையோர மாவட்ட ஆட்சியர்களுக்குத் தகவல் தருகிறது. வருவாய்த் துறையினர் ஒலிபெருக்கியிலும் தண்டோராவிலும் அறிவிக்கிறார்கள். பூலாம்பட்டி–நெரிஞ்சிப்பேட்டை விசைப்படகை நிறுத்திவிட்டார்கள் என்றால், எங்கள் ஊரில் அதுவே போதுமான அறிவிப்பு. சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ அழைக்கலாம். மாநில அளவில் 1070.

மேல கர்நாடகத்துல ஒரு டேம் உடைஞ்சா மேட்டூர் தாங்குமா?

கிருஷ்ணராஜ சாகரின் கொள்ளளவு 49.45 டிஎம்சி, கபினியின் கொள்ளளவு 19.52 டிஎம்சி. இரண்டையும் கூட்டினாலும் மேட்டூரின் கொள்ளளவைவிடக் குறைவு. மேட்டூர் பாதி காலியாக இருக்கும் காலத்தில் அது பெரிய தாங்குதொட்டியாக இருக்கும். ஆனால் மூன்றும் நிரம்பும் பருவம் ஒன்றே என்பதால் இதை வைத்து முழு ஆறுதல் கொள்ள முடியாது. நிரம்பிய அணையில் வந்து சேரும் நீரைப் பதினாறு கண் வழியாகவே அனுப்ப வேண்டும். பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீரின் அளவு உடனுக்குடன் மேட்டூருக்குத் தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே புரியும்.

டேமுக்கு யாருங்க பொறுப்பு? இ.பி.யா, பொதுப்பணியா?

அணையும் மதகுகளும் நீர்வளத்துறையின் பொறுப்பு. முன்பு அது பொதுப்பணித் துறையோடு இருந்ததால் பழைய பெயரே வாயில் வருகிறது. மின்நிலையங்கள் மின்வாரியத்தின் வழிவந்த அரசு மின் நிறுவனத்தைச் சேர்ந்தவை. மோர்பி விபத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் பேசப்பட்டு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட எல்லா அணைகளும் அதில் அடங்கும். பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு செய்வதும், வெள்ளம் அல்லது நிலநடுக்கத்தின்போதும் அதற்குப் பிறகும் தனியாகச் சோதிப்பதும், அவசரகாலச் செயல்திட்டம் வைத்திருப்பதும் கட்டாயம்.

செயல்திட்டம் அலுவலக அலமாரியில் இருந்தால் போதாது என்பது என் உறுதியான கருத்து. நீர் எந்தத் தெரு வரை வரும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிராமசபையில் இதைக் கேட்கலாம்.

தூர் சேர்ந்தா டேமுக்கு ஆபத்தா?

முதல் இழப்பு கொள்ளளவில்தான். தூர் சுவர்மேல் தரும் கூடுதல் அழுத்தத்துக்கு அணையின் வடிவமைப்பில் இடம் உண்டு. 2017 கோடையில் வண்டல் எடுக்கும் பணி நடந்தபோது உழவர்கள் அதை வயலுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்துல இறங்கலாமா? வருஷா வருஷம் போறதுதானே?

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்து, அணை நிரம்புவதும் பெரும்பாலும் அதே நாட்களில்தான். 2024-இல் ஜூலை 30 அன்று அணை நிரம்பியது. அடுத்த சில நாட்களில் ஆடிப்பெருக்கு. நிர்வாகம் படித்துறையில் கயிறு கட்டி, இந்த இடத்தில் மட்டும் குளிக்கலாம் என்று சொன்னால் அதற்குள் இருங்கள். குளிக்கவே வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். முன்பு சொன்ன ஈரக்கோடு அன்று உதவாது. கூட்டத்தின் நடுவே அது கண்ணில் படாது.

வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் என் அம்மா ஆற்றங்கரைக்குப் போவதில்லை. விடியற்காலையில் மேட்டில் இருக்கும் கிணற்றில் ஒரு குடம் நீர் இறைத்து, மஞ்சள் பூசி, வாசலில் கோலத்தின் நடுவே வைத்து, புது மஞ்சள் கயிற்றை அதன் கழுத்தில் கட்டிக் கும்பிடுவார். குடத்தில் இருப்பதும் காவிரிதான் என்பார்.